ஏப்ரல் சீசனை விடுங்கள்: உங்கள் தெருவில் வசந்தத்தின் முதல் அடையாளம் எது?

பீதுருமலைக்காரன் | நுவரெலியா | பெப்ரவரி 22

நுவரெலியாவில் வசந்தம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏப்ரல்தான் ஞாபகம் வரும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவிக் கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், ஏறிப்போன ரூம் வாடகை. அதுவும் வசந்தம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது நாள் குறித்து வரவழைக்கிற வசந்தம். பூங்காவில் ஏப்ரலில் பூக்க வேண்டிய செடிக்கு எப்போதோ நாற்றுப் போட்டு, தண்ணீர் ஊற்றி, தயாராக வைத்திருப்பார்கள்.

நான் கேட்பது, யாரும் தண்ணீர் ஊற்றாமல் டவுனுக்குள் தானாக வருகிற முதல் அடையாளம் எது என்று. ஹோட்டன் சமவெளி, காடு, நீர்வீழ்ச்சி எல்லாம் வேண்டாம். வீட்டு வாசல், பஸ் நிலையம், கடைவீதி, கான் (வடிகால்) ஓரம், இவ்வளவுதான் எல்லை.

நானே தொடங்கி வைக்கிறேன். ஹாவாஎலியப் பக்கம் பழைய வீடுகளின் பின்வளவில் நிற்கும் பெயார்ஸ் மரங்கள். டிசம்பரிலிருந்து மொட்டையாக நின்றவை இந்தக் கிழமை வெள்ளையாகப் பூ விட ஆரம்பித்திருக்கின்றன. தளிர் இனிமேல்தான். இன்னொன்று, காலையில் புல்லில் உறைபனி வெள்ளை இல்லை.


டிக்கோயா தம்பி | ஹட்டன் | பெப்ரவரி 22

வெள்ளை இல்லையா? போன கிழமை வரைக்கும் இருந்ததே அண்ணே. எங்கள் மாமா மாகஸ்தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார். விடிவதற்கு முன்னால் எழும்பி செடிக்குத் தண்ணீர் அடித்து, அடித்து, மனுஷனுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.


பூகோள டீச்சர் | தலவாக்கலை | பெப்ரவரி 23

தம்பி, மாமா செய்வது சரியான வேலைதான். வெயில் ஏறுமுன் இலையில் படிந்ததைக் கழுவிவிட்டால் செடி தப்பும் வாய்ப்பு அதிகம்.

பீதுருமலைக்காரர் சொன்ன இரண்டாவது அடையாளத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முதலாவது. உறைபனி டவுன் முழுக்க ஒரே மாதிரி விழுவதில்லை. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுகளில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பந்தயத் திடலும் வாவிக்கரையும் வெளுத்துக் கிடக்கிற அதே காலையில், சரிவில் இருக்கிற வீட்டு முற்றத்தில் வெறும் பனித்துளி மட்டும் இருக்கும். மேகம் திரும்பிவிட்டால் அது இரவில் போர்வை மாதிரி. சூடு வெளியே போகாது. ஆகவே புல்லில் வெள்ளை இல்லை என்றால் இரவில் மேகம் வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நான் பூவைப் பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்ப்பேன்.

அப்புறம், ஐரோப்பாவில் பகல் நீளுவதைப் பார்த்தே பாதி மரங்கள் விழிக்கின்றன. நாம் இருப்பது ஏறக்குறைய 7 பாகை வடக்கில். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் நமக்கு ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. இங்கே மரங்கள் பெரும்பாலும் வரட்சியையும் மழையையும் பார்த்துத்தான் நடக்கின்றன. அதனால் ஊருக்கு ஊர், சரிவுக்குச் சரிவு தேதி மாறும். ஹட்டன்காரரும் பண்டாரவளைக்காரரும் இதில் ஒத்துப்போகப் போவதில்லை, பாருங்கள்.


வாசுகி | பண்டாரவளை | பெப்ரவரி 23

டீச்சர் கூப்பிட்ட மாதிரியே வந்துவிட்டேன். 🙂

எங்கள் பக்கம் கதையே வேறு. வடகீழ்ப் பருவமழை எங்களுக்குத்தான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை துணி காயாது, சுவரில் பூஞ்சணம். நுவரெலியாவில் நீங்கள் பனியில் நடுங்கிக்கொண்டு நீல வானம் பார்க்கிற நாட்களில் நாங்கள் குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறோம். ஆகவே எனக்கு முதல் அடையாளம் பெப்ரவரியில் ஒரு நாள் மொட்டை மாடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் காய்வது. சிரிக்க வேண்டாம், வீட்டு வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மரம் என்றால் வேலியில் நிற்கிற கிளிரிசிடியா. இலையெல்லாம் கொட்டிவிட்டுக் கம்பு முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஆட்டுக்குத் தழை வெட்டுகிற மரம் என்பதால் அதை யாரும் பூமரமாக மதிப்பதில்லை. எங்கள் தெருவில் அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தி.


கட்டுகஸ்தோட்டை மாமா | கண்டி | பெப்ரவரி 24

நீங்கள் எல்லாம் உயரத்தில் இருக்கிறீர்கள். கண்டி 500 மீற்றர்தான், எங்களுக்கு எல்லாமே முந்தி. முள்முருக்கு, சிங்களத்தில் எரபது என்பார்கள், இலையை முழுக்க உதிர்த்துவிட்டு வெறும் கிளையில் சிவப்பாகப் பூக்கும். அது பூத்தால் வருடப்பிறப்பு நெருங்கிவிட்டது என்று தமிழரும் சிங்களவரும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். அதோடு குயில். விடியக்காலை நான்கரைக்கே தொடங்கிவிடும். இந்த வருடம் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பலா மரத்தில் போன கிழமையே கேட்டது.

குயில் இல்லாமல் என்ன வசந்தம்?


நேர்ப்பேச்சு | மஸ்கெலியா | பெப்ரவரி 24

// குயில் இல்லாமல் என்ன வசந்தம்? //

மாமா, மார்ச் மாதம் பிறந்தால் டிவியில் சவர்க்காரத்துக்கும் குயில், பிஸ்கட்டுக்கும் குயில், தவணைக்கட்டண பிரிட்ஜுக்கும் குயில். கடைக்குள் போனால் கூரையிலிருந்து குயில் கூவுகிறது. எது மரத்துக் குயில், எது ஸ்பீக்கர் குயில் என்று கண்டுபிடித்த பிறகு அடையாளத்தைப் பேசுவோம்.


கட்டுகஸ்தோட்டை மாமா | கண்டி | பெப்ரவரி 24

ஸ்பீக்கர் குயிலைக் காகம் துரத்தாது. மரத்துக் குயிலைத் துரத்தும், தன் கூட்டில் அது முட்டை போடுமே என்று. அதுதான் வித்தியாசம்.


பீதுருமலைக்காரன் | நுவரெலியா | பெப்ரவரி 24

மாமாவுக்கு ஒரு புள்ளி. ஆனால் எங்கள் டவுனுக்குள் நான் குயில் கேட்டதில்லை. 1868 மீற்றரில் எங்களுக்குக் குயில் கேட்கிறது டிவியில்தான்.


தையல் அக்கா | ஹட்டன் | பெப்ரவரி 26

கடைவீதியில் இருந்து எழுதுகிறேன். பிளவுஸ் ஓர்டர் குவிவதை அடையாளமாகச் சொல்லலாம், ஆனால் அது வருடப்பிறப்புக்கு, வசந்தத்துக்கு இல்லை.

என் அடையாளம் ஷட்டருக்கு மேலே. சின்னக் கறுப்புக் குருவி ஒரு சோடி, தொண்டை செம்மண் நிறம், கான் ஓரத்து ஈர மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து சுவர் மூலையில் ஒட்ட ஆரம்பித்தால் குளிர் முடிந்தது. போன வருடக் கூட்டின் அடிப்பாகம் அப்படியே இருக்கிறது, அதன் மேலேயே கட்டுகிறார்கள். வெட்டி வைத்த துணியில் எச்சம் விழாமல் கீழே ஒரு அட்டை கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் கூட்டை இடித்துவிடச் சொல்கிறார். கூடு இருக்கிற கடைக்கு வியாபாரம் குறையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் இப்போது தன் ஷட்டரை அண்ணாந்து பார்க்கிறார்.

ஒரு கேள்வி. பஸ் நிலையக் கம்பியில் மாலையில் வரிசையாக உட்காருகிற குருவியும் இதுவும் ஒன்றா?


வாலாட்டி | நுவரெலியா | பெப்ரவரி 26

அக்கா, இரண்டு சாதி கலந்து உட்காருகின்றன. உங்கள் ஷட்டரில் இருப்பது மலைத் தகைவிலான். நம்மூர்ப் பறவை, எங்கேயும் போகாது. கட்டடங்களிலும் தோட்டத்து லய வீடுகளின் இஸ்தோப்பு (முன்திண்ணை) கூரையிலும் கூடு கட்டும். கம்பியில் கூட்டமாக இருப்பவற்றில் பலது தகைவிலான், குளிர்காலத்துக்கு வடக்கே இருந்து வருவது. நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை இருக்கும், வளர்ந்த பறவைக்கு வால் இரண்டு கம்பியாக நீளும். உங்கள் சோடிக்கு அந்தப் பட்டை இல்லை, வாலும் குட்டை. ஆக ஒன்று கூடு கட்டத் தொடங்குகிற நேரத்தில் மற்றது மூட்டை கட்டுகிறது.

இதை வைத்துத்தான் நான் இந்த இழையில் எழுத நினைத்தேன். எல்லாரும் எது வந்தது என்று எழுதுகிறீர்கள். எது போகிறது என்றும் பாருங்கள்.

விக்டோரியா பூங்கா டவுனுக்கு நடுவில், பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைர விழாவுக்கு 1897இல் பெயர் வைத்த இடம். சீசனுக்கு வருகிறவர்கள் பாத்திகளின் முன்னால் போட்டோ எடுப்பார்கள். பறவை பார்க்க உலகின் பல பக்கங்களிலிருந்தும் வருகிறவர்கள் பாத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பின்பக்கத்தில் குப்பை அடைந்து ஓடுகிற ஓடையின் கரையில் குந்திக்கொண்டிருப்பார்கள். அங்கேதான் குளிர்காலம் முழுக்க மூன்று விருந்தாளிகள். ஒன்று காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஆணின் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், அதற்குக் கறுப்புக் கரை. காஷ்மீரையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் அது குஞ்சு பொரிப்பது வேறெங்கும் இல்லை. குளிர்காலத்துக்கு வருவது நம் மலைநாட்டுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும்தான். இரண்டாவது, இமயமலைச் சரிவுகளில் குஞ்சு பொரிக்கிற கறுப்பு வெள்ளைப் பூங்குருவி. பெரும்பாலும் இலங்கையிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும். மகா கூச்சக்காரர். மூன்றாவது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் குரல் கொடுத்துவிட்டு மற்ற நேரம் சருகைக் கிளறிக்கொண்டு திரியும்.

மார்ச்சில் இந்த மூன்றும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். யாரும் வழியனுப்புவதில்லை. நேற்று இருந்த கிளையில் இன்று இல்லை, அவ்வளவுதான். நுவரெலியாவில் வசந்தம் தொடங்கியது என்று நான் எழுதி வைப்பது அந்தத் தேதியை. தெருக் கான் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு திரிகிற சாம்பல் வாலாட்டிக்கும் இதே கணக்கு.


ஸ்கார்பரோ சிவா | டொரொண்டோ | பெப்ரவரி 27

நான் பிறந்தது கொட்டகலையில், இருப்பது இங்கே. இங்கே வசந்தத்தின் முதல் அடையாளம் அழகில்லை. பாதையோரத்தில் குவித்த பனி கறுத்து, சேற்றோடு இளகும்போது டிசம்பரில் தொலைந்த கையுறை எல்லாம் வெளியே வரும். அதற்குப் பிறகு செம்மார்பு ராபின் வந்து புல்லில் மண்புழு இழுக்கும். ராபினைக் கண்டவுடன் ஆபீஸில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இங்கே எல்லாமே வருகைதான்.

வாலாட்டி எழுதியதைப் படித்ததும் கணக்குப் புரிந்தது. உங்கள் பூங்காவில் ஒன்று காணாமல் போகும் அதே கிழமைகளில் காஷ்மீரில் யாரோ ஒருத்தர் "வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.


நேர்ப்பேச்சு | மஸ்கெலியா | பெப்ரவரி 28

நல்லா இருக்கிறது. எல்லாம் நல்லா இருக்கிறது. ஆனால் டவுனில் இருந்துகொண்டு பூவையும் குருவியையும் எழுதுகிறீர்கள். அதே நேரத்தில் டவுனுக்குப் பின்னால் இருக்கிற மலையில் என்ன நடக்கிறது?

பெப்ரவரி, மார்ச்சில் தோட்டத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் தண்ணீர் நூலாக வடிகிறது. குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் மேற்குச் சரிவில் இது தேயிலைக்குப் பேர்போன காலம். குளிரும் வெயிலும் காய்ந்த காற்றும் சேர்ந்து கொழுந்து மெதுவாக வளர்வதால் சுவை கூடும், கொழும்பு ஏலத்தில் விலை கூடும். ஆனால் கொழுந்து குறைவு. குறைந்தால் நாளுக்குக் குறித்த கிலோ வராது. கிலோ வராவிட்டால் பல இடங்களில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். தேயிலைக்கு நல்ல காலம், எடுக்கிறவருக்குக் கெட்ட காலம். இதில் வசந்தம் எங்கே வந்தது?


லயத்துப்பிள்ளை | ஹட்டன் | மார்ச் 1

நேர்ப்பேச்சு அண்ணா சொன்னதில் ஒரு வரியும் பொய்யில்லை. என் அம்மா இன்னும் மலைக்குப் போகிறார். ஆனால் தோட்டத்தில் வசந்தம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். டவுனில் இருப்பவர்கள் பூவைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். எங்களுக்குக் காதில் விழும்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றுவார்கள், மன்மதனுக்காகக் கம்பம் நடுவது. அன்றிலிருந்து பௌர்ணமி வரைக்கும் காமன் பொட்டலில் (கூத்து நடக்கிற வெளியில்) இரவில் தப்புப் பறை அடிக்கும். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்த ஆட்கள் விரதம் இருந்து ஆடுகிற கூத்து. ரதி வேஷம் கட்டுகிறவரும் ஆண்தான். எங்கள் தோட்டத்தில் ரதி ஆடுகிற அண்ணன் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த நாட்களில் அவர் மச்சம் மாமிசம் தொட மாட்டார், சவாரிக்கு வருகிறவர்களிடம் சத்தம் போட்டுப் பேசவும் மாட்டார். கடைசி இரவு சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் எரிவான். விடிய விடிய ரதி புலம்புவாள். கதையில் மன்மதனுக்குத் துணையாக வருபவனே வசந்தன். யாரும் அங்கே "இது வசந்த விழா" என்று போர்டு வைப்பதில்லை, ஆனால் அதைவிட வேறென்ன?

ஹட்டன் டவுனைச் சுற்றி நாலு பக்கமும் தோட்டம். அதனால் மாசியில் இரவு ஒன்பது மணிக்குக் கடையை மூடும்போது எதிர் மலையிலிருந்து தப்புச் சத்தம் இறங்கி டவுனுக்குள் வரும். தையல் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தோட்டத்தில் அடித்தால் இன்னொரு தோட்டம் பதில் அடிப்பது மாதிரிக் கேட்கும். எனக்கு முதல் அடையாளம் அது. பீலியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.


தையல் அக்கா | ஹட்டன் | மார்ச் 1

தெரியும் தம்பி. நேற்றும் கேட்டது. எங்கள் மாடி வீட்டுப் பொடியன் என்னவோ கல்யாண வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்த முறை கூட்டிக்கொண்டு வருகிறேன், கடைசி இரவு எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.


நேர்ப்பேச்சு | மஸ்கெலியா | மார்ச் 1

லயத்துப்பிள்ளைக்கு மேலே நான் பேச ஒன்றுமில்லை. நானும் ஒரு காலத்தில் எமன் வேஷம் கட்டியவன்தான். ஆனாலும் என் கணக்கில் அடையாளம் முதல் மழைதான். அது விழட்டும், எழுதுகிறேன்.


வாசுகி | பண்டாரவளை | மார்ச் 9

ஜக்கரண்டாவை யாருமே சொல்லவில்லையே? எங்கள் பக்கம் தொடங்கிவிட்டது. தியத்தலாவைப் பாதையில் கீழே எல்லாம் ஊதா.


பூகோள டீச்சர் | தலவாக்கலை | மார்ச் 9

இங்கே இன்னும் மொட்டு. உங்கள் சரிவு முந்திக்கொண்டது. ஆனால் வாசுகி, ஜக்கரண்டாவை முதல் அடையாளம் என்று நான் எடுக்க மாட்டேன். அது பூக்கும்போது வாகனத்தை நிறுத்திவிட்டு ஆள் ஆளுக்குப் போனைத் தூக்குகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த பிறகு என்ன முதல் அடையாளம்?


வாசுகி | பண்டாரவளை | மார்ச் 9

சரி, அழகாக இருப்பது குற்றம் என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் டீச்சர். கிளிரிசிடியாவோடு இருந்துகொள்கிறேன்.


பீதுருமலைக்காரன் | நுவரெலியா | மார்ச் 14

பெயார்ஸ் பூ கொட்டிவிட்டது, தளிர் வந்துவிட்டது. நான் ஹாவாஎலியவில் பார்த்துக்கொண்டிருந்த மரங்களில் ஒன்றை பார்க்கிங் வேண்டும் என்று அடியோடு வெட்டிவிட்டார்கள். சீசனுக்கு வருகிற வான்கள் நிற்க இடம் வேண்டுமாம். மிச்சம் நிற்கிறவற்றைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். எவரிடமாவது பழைய நுவரெலியா பெயார்ஸ் மரத்திலிருந்து ஒட்டுக்கன்று எடுக்கத் தெரிந்தால் தனி மடலில் சொல்லுங்கள்.


கட்டுகஸ்தோட்டை மாமா | கண்டி | மார்ச் 15

தம்பி, பேராதனைப் பக்கம் நாற்று மேடைகளில் விசாரித்துப் பார்க்கிறேன். வெட்டின மரத்தின் கிளை ஏதாவது கிடக்கிறதா? காயாத குச்சி கிடைத்தால் ஈரச் சாக்கில் சுற்றி உடனே அனுப்புங்கள்.


நேர்ப்பேச்சு | மஸ்கெலியா | மார்ச் 19

விழுந்துவிட்டது. மத்தியானம் இரண்டரைக்கு இடி, மூன்று மணிக்கு மழை, ஐந்து மணிக்கு வெயில். பீலி நிறைய இன்னும் நாள் எடுக்கும். ஆனால் மழைக்குப் பிறகு மலையைப் பார்த்தால் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் பேச்சே மாறிவிடும். இன்னும் கொஞ்ச நாளில் கொழுந்து எழும்பும், கிலோ வரும்.


பூகோள டீச்சர் | தலவாக்கலை | மார்ச் 19

இது இனி அடிக்கடி வரும். ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். எந்த ஊருக்கு எந்த நாள் என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருடா வருடம் அறிவிக்கும். காலையில் நல்ல வெயில், சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும், பின்னேரம் இடி. இடி தொடங்கினால் மரத்தடியில் நிற்க வேண்டாம் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போய்விட்டது. சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களும் விடியற்காலையில் ஏறி, மத்தியானத்துக்கு முன்னால் இறங்கிவிடுங்கள்.


கொழும்புத் தங்கச்சி | வெள்ளவத்தை | மார்ச் 20

இரண்டு நாளாக இந்த இழையைத்தான் வாசிக்கிறேன். பூர்வீகம் நோர்வூட், ஆனால் ஏப்ரல் நெரிசலைத் தவிர மலைநாட்டில் வேறு எதையும் பார்த்ததில்லை. இந்தக் கிழமைக் கடைசியில் வந்தால் என்ன மிச்சம் இருக்கும்?


வாலாட்டி | நுவரெலியா | மார்ச் 20

வாருங்கள் தங்கச்சி. காலை ஆறு மணிக்குப் பூங்கா ஓடைக் கரைக்குப் போனால் ஆறுமணிக் குருவி இன்னும் இருக்கலாம். பூங்குருவியை நான் கடைசியாகப் பார்த்துச் சில நாளாகிறது. ஈப்பிடிப்பான் ஒன்று நேற்றும் இருந்தது. அடர்ந்த நிறத்தில் உடுப்புப் போடுங்கள், பேசாமல் நில்லுங்கள், கொசு கடிக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு பாத்திகளுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், அதோடு பறவை பார்க்கிறது முடிந்தது. இரண்டு மணிக்குள் குடையோடு கூரைக்குக் கீழே வந்துவிடுங்கள்.


தையல் அக்கா | ஹட்டன் | மார்ச் 20

திரும்பும்போது ஹட்டனில் இறங்கினால் என் கடைக்கு வாருங்கள். கூடு கட்டி முடித்துவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரிலும் நேற்று ஒரு சோடி மண் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது, மனுஷன் யாரையும் அந்தப் பக்கம் சத்தமாகப் பேச விடுவதில்லை.